கதவு திறக்கிற பிள்ளை

மிதுனா கதவைத் திறக்கிறாள். பச்சைச் சட்டைக்காரிகள் மூன்று பேர் மூச்சு வாங்க உள்ளே வந்து விழுகிறார்கள், வேறு மூன்று பேர் ஐஸில் பாய்கிறார்கள், மிதுனா கதவை மூடுகிறாள். இதுதான் என் மகளின் வேலை, இந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான். ஐஸ் ஹொக்கியில் ஒரு நிமிடத்துக்கு மேல் எவராலும் முழு வேகத்தில் சறுக்க ஏலாது, ஆட்டம் நடக்க நடக்கவே ஆள் மாறிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் குந்தியிருக்கிற நீள வாங்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு, அந்தக் கதவடியில் என் மகள். கோல் வலையைக் காக்கிறவளை இங்கே கோலி என்பார்கள். முதலாவது கோலி கிளேர், அவள் வலைக்கு முன்னால் நிற்கிறாள். இரண்டாவது கோலி மிதுனா. நெஞ்சிலும் காலிலும் கவசமெல்லாம் கட்டி, தலையில் மட்டும் முகமூடிக்குப் பதிலாக ஒரு பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கிளேருக்கு ஏதும் நடந்தால் இறங்குவதற்காக இருக்கிறாள். ஏதும் நடந்தால். இந்த இடத்தில் வந்து என் நினைப்பு ஒவ்வொரு முறையும் இடறுகிறது. ஏதும் நடக்கவேண்டாம் பிள்ளையாரே. கிளேருக்கு ஒன்றும் வரவேண்டாம், அந்தப் பிள்ளை நல்லாய் இருக்கட்டும், நல்லாய் விளையாடட்டும், என்ரை பிள்ளை அந்தக் கதவடியிலேயே இருக்கட்டும். இப்படிக் கேட்பது கிளேருக்காகவா, மிதுனாவுக்காகவா, எனக்காகவா என்று யோசிக்கத் தொடங்குவதற்குள் பக் வந்து கண்ணாடிச் சுவரில் அடிக்கிறது, எனக்கு நேர் முன்னால், நான் குனிந்துவிட்டேன். பக் என்பது கறுப்பு றப்பர் வட்டு, வருகிற வேகத்தில் அது கல்லு. கண்ணாடி இருக்கிறது, ஒன்றும் செய்யாது என்று தெரியும், ஆனாலும் உடம்பு தானாகக் குனிகிறது. நாங்கள் சத்தத்துக்குக் குனியப் பழகிய ஆட்கள். என் மகள் சத்தம் வருகிற பக்கத்துக்கு முகத்தைக் கொடுத்து நிற்கப் பழகியவள். ஆர் பழக்கினது?

பழக்கின ஆள், என்ரை மனுசன், என் பக்கத்தில்தான் இருக்கிறார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, ஒரு கண் நித்திரையோடு ஸ்காபரோவில் இருந்து பனிக்குள்ளால் கார் ஓட்டி வந்து, அணியின் கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்து விட்டுக்கொண்டு, "காலை மூடு பிள்ளை, காலை மூடு!" என்று கிளேரைப் பார்த்துத் தமிழில் கத்துகிறார், கால் இடைவெளியால் பக் உள்ளே போய்விடும் என்ற பயத்தில். கிளேருக்கு எங்கே விளங்கப்போகிறது. ஆனால் எனக்கு மற்றப் பக்கத்தில் இருக்கிற கிளேரின் தாய் ஷெரிலுக்கு விளங்கும், இந்தப் பருவம் முழுக்கக் கேட்டுக் கேட்டு அவளும் இப்போது "மூடு! மூடு!" என்று கத்துகிறாள், எங்கள் மூன்று பேரையும் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்கள். இவர்தான் மிதுனாவுக்கு ஐந்து வயதில் மாநகரசபையின் இலவச சறுக்கு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அடுக்குமாடி வீட்டுக்குள் பிள்ளை அடைந்து கிடக்கிறாள், கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று நானும் சொன்னேன், தொப்பியும் கையுறையும் மாட்டி அனுப்பியது நான்தான், ஆகவே எனக்கும் பங்கு இருக்கிறது. திரும்பி வந்தபோது மூக்கு ஒழுக, கன்னம் சிவக்க, "அம்மா, நான் கோலி!" என்றாள். ஏனடி ஓடி விளையாடாமல் ஒரு இடத்தில் நிற்கிறாய் என்று கேட்டதற்கு, கோலிக்குத்தான் முகமூடியில் படம் கீறலாம் என்றாள். பல்கலைக்கழக அணிக்குத் தெரிவான வருடம் உண்மையாகவே கீறுவித்தாள், ஒரு காகம். மற்றப் பிள்ளைகள் புலியும் கரடியும் கழுகும் கீற, இவள் காகம். ஏன் காகம் என்றேன். காகம் எந்த ஊரிலையும் இருக்கும், ஆரும் கூப்பிடத் தேவையில்லை என்றாள். அந்தக் காகம் இப்போது வாங்கின் கீழே மல்லாந்து கிடக்கிறது.

இரண்டுக்கு இரண்டு. மூன்று பகுதியாக ஆடுவார்கள், இது மூன்றாவது, பருவத்தின் கடைசி ஆட்டமாகவும் இது இருக்கலாம். வென்றால் அடுத்த சுற்றுக்குப் போகலாம், தோற்றால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். மேப்பிள் இலை விழத் தொடங்கின நாளில் முதல் ஆட்டம் நடந்தது, அன்றிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே திரிகிறோம், ஒட்டாவா, கிங்ஸ்டன், நோர்த் பே, பேர் வாய்க்குள் நுழையாத சின்ன ஊர்கள், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஐஸ் மணம், ஒரே மாதிரி இரும்பு இருக்கை, ஒரே மாதிரி வெந்நீர்க் கோப்பி. நோர்த் பேயில் தொடர்ந்து தோற்று வந்த பிள்ளைகள் பஸ்சுக்குள் அழுததும், கிங்ஸ்டனில் வென்றபோது மிதுனா வாங்கில் ஏறி நின்று துள்ளியதும், ஏறுகிற காலைப் பார்த்து நான் விழப்போறாள் விழப்போறாள் என்று பதறியதும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. என் தங்கச்சி லண்டனில் இருந்து போன் எடுத்தால் முதல் கேட்பது இதுதான். "இந்த முறையாவது இறக்கினவங்களே?" இல்லை என்பேன். "விளையாடாத பிள்ளையைப் பார்க்க இவ்வளவு தூரம் போறியளே அக்கா, உங்களுக்கு விசரே?" நான் சிரித்து மழுப்பிவிடுவேன். விளையாடாததைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மிதுனாவின் பேருக்கு அர்ச்சனை செய்கிறேன், இவர் ஊரெல்லாம், "மனுசி பிள்ளைக்குச் சந்தர்ப்பம் கிடைக்கோணும் எண்டு நேர்த்தி வச்சிருக்கிறா" என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறார். ஐயர் பேரும் நட்சத்திரமும் மட்டும்தான் கேட்பார். மிச்சம் எனக்கும் பிள்ளையாருக்கும் இடையில். அவளை இறக்கக் கூடாது. கோச்சின் வாயில் அவள் பேர் வரக் கூடாது. இதுதான் என் நேர்த்தி. இதுவரைக்கும் பிள்ளையார் ஒரு நாளும் தட்டவில்லை, ஒவ்வொரு ஆட்டம் முடியவும் நான் மூச்சு விடுகிறேன், அந்த நேரம் பார்த்துத்தான் மிதுனா தொப்பியைக் கழற்றி, ஒரு துளி வேர்வையும் இல்லாத தலைமயிரைக் கோதிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக அறைக்குப் போவாள். அந்தக் காய்ந்த தலை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாயும் இருக்கும், வேறெங்காவது பார்க்கவேண்டும் போலவும் இருக்கும்.

போன வருடம் மாசி மாதம் அந்தத் தலையில்தான் பட்டது. அப்போது இவள்தான் முதலாவது கோலி. ஆரோ ஒருத்தி கிட்ட நின்று அடித்த பக் முகமூடியில் பட்டது, காகத்தின் சிறகில், டங் என்று ஒரு கோயில் மணிச் சத்தம், எழும்பினாள், கையை ஆட்டினாள், மிச்ச ஆட்டமும் விளையாடினாள், பிறகு உடுப்பு மாற்றுகிற அறையில் சப்பாத்து நூலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாளாம். மூளை அதிர்ந்திருக்கிறது, இருட்டில் இருக்கவேண்டும் என்றார் டொக்டர். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். யன்னலுக்குக் கம்பளி கட்டி, போனைப் பறித்து, வானொலியை நிறுத்தி, நான் வேலைக்கு லீவு சொல்லி, அவளுடைய பழைய அறையில் நிலத்தில் பாய் போட்டுக்கொண்டு கிடந்தேன். வெளிச்சம் பட்டால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுப்பாள். கரண்டி கோப்பையில் பட்டால் காதைப் பொத்துவாள். ஆகவே கையால் குழைத்துத் தீத்தினேன், சோறும் பருப்பும், பத்து வயதுக்குப் பிறகு என் கையால் சாப்பிடாத பிள்ளை வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். இன்னொன்றும் நடந்தது. அவள் தமிழ் கதைத்தாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லிப் பழகின பிள்ளை, இங்கிலீசு தலைக்குள்ளே கீறுதம்மா, தமிழ் கீறேல்லை என்றாள். அந்த இருட்டுக்குள் சின்னச் சின்னச் சொல்லாகத் தேடித் தேடி எடுத்துக் கதைத்தாள். பயமாக் கிடக்கு. தலை பாரமாக் கிடக்கு. நீங்கள் போகாதைங்கோ. நான் போகவில்லை. விடியுமுன் அவள் மூச்சு ஒழுங்காய் வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். அவ்வளவு பயம். அந்தப் பயத்துக்குள் எங்கேயோ ஒரு ஓரத்தில், இதைச் சொல்லவும் கூசுகிறது, எனக்குச் சந்தோசமாய் இருந்தது. என் பிள்ளை எனக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்று இருந்தது. ஒரு தாய் இப்படி நினைப்பாளா. நினைத்தேன். பிறகு மெல்ல மெல்லக் கம்பளியை நீக்கினோம், கண் வெளிச்சத்துக்குப் பழகியது, கோடை வந்தது, அதற்குள் அவளுடைய இடம் கிளேருக்குப் போயிருந்தது, டொக்டர் இனி விளையாடலாம் என்று சொன்னார், அன்றைக்கே அவள் இங்கிலீசுக்குத் திரும்பிவிட்டாள். நான் கோயிலுக்குப் போனேன்.

மிதுனா கதவைத் திறக்கிறாள், மூடுகிறாள். எதிரணி வெள்ளைச் சட்டை, அவர்கள் விடாமல் இந்தப் பக்கமே நிற்கிறார்கள், கிளேர் முழங்காலில் விழுந்து எழும்பி விழுந்து எழும்பித் தடுக்கிறாள். ஷெரில் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எங்கள் இரண்டு பேர் மடியிலும் ஒரே கம்பளி. முதல் ஆட்டத்தில் இவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தபோது எனக்குப் பெரிய அந்தரம், என் பிள்ளையின் இடத்தை எடுத்தவளின் தாய் என்று இவர் காதுக்குள் சொன்னார். இடத்தை எடுத்தவள். எனக்கோ அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும் போல இருந்தது. நான் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸில் ஒன்றை நீட்டினேன், உறைப்பில் கண்ணால் தண்ணி ஓட ஓட இரண்டாவதையும் எடுத்தாள், அப்படித்தான் சிநேகம். ஒருநாள் ஷெரில் சொன்னாள், முதல் ஆட்டத்துக்கு முன் கிளேர் பயத்தில் வாந்தி எடுத்தாளாம், மிதுனாதான் முதுகைத் தடவி, முகம் கழுவி, எதிரணியில் ஆர் எந்தப் பக்கம் அடிப்பாள் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினாளாம். உன் மகள் இல்லாவிட்டால் என் மகள் நிற்கமாட்டாள் லோஜி, என்றாள். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்ததா, நொந்ததா. தான் நிற்கவேண்டிய இடத்தில் இன்னொருத்தியை நிற்க வைக்கிற பிள்ளை. அவள் கேட்பது ஒன்றே ஒன்று, ஒரே ஒரு முறை இறங்கவேண்டும். நான் கேட்பது அதற்கு நேர் எதிர். இரண்டு விண்ணப்பமும் ஒரே வீட்டில் இருந்து போகின்றன, பிள்ளையார் என்னதான் செய்வார். அவள் நாலாம் வருடம், இதுதான் கடைசி ஆட்டமாய் இருந்தாலும் இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம், ஏழு நிமிடமோ எட்டு நிமிடமோ, அது போய்விட்டால் நான் வென்றுவிடுவேன். வென்று? என்ன சொல் இது. ஆரை வெல்கிறேன் நான்?

விசில். என்ன, என்ன நடந்தது, நான் பார்க்கவில்லை, நான் எனக்குள் இருந்துவிட்டேன். இரண்டு பேர் பின்னிக்கொண்டு சறுக்கி வந்து வலைக்குள் விழுந்திருக்கிறார்கள், ஒருத்தி வெள்ளை, ஒருத்தி எங்கள் பச்சை, ஆரிலும் பிழையில்லை என்கிறார் இவர், வலை பின்னால் தள்ளுப்பட்டுக் கிடக்கிறது, அடியில் கிளேர். எழும்பவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கிடக்கிறாள். மைதானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை, ஐஸைக் குளிராக்குகிற யந்திரம் எங்கேயோ உறுமுவது கேட்கிறது. ஷெரிலின் கை என் கையை விட்டுவிட்டது. "போ, ஷெரில், போ" என்கிறேன், எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியாது, அவள் படிகளில் இறங்கி ஓடுகிறாள், கம்பளி முழுக்க என் மடியில் விழுந்து கிடக்கிறது. நான் கேட்டது இதையில்லை. கிளேருக்கு ஒன்றும் வரவேண்டாம் என்றும் கேட்டேன்தானே, அதை முதலில் கேட்டேன்தானே. இரண்டு பேர் தோளில் தாங்கிக் கிளேரைக் கொண்டு போகிறார்கள், அவள் ஒரு காலை நிலத்தில் வைக்காமல் சறுக்கிச் சறுக்கிப் போகிறாள், எல்லோரும் கை தட்டுகிறார்கள், வாங்கின் கரைக்கு வந்ததும் அவள் நின்று தன் கவசக் கையால் மிதுனாவின் தொப்பியைத் தட்டி விழுத்துகிறாள். கோச் குனிந்து ஏதோ சொல்கிறாள். பேர் வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளையாரே, பிள்ளையாரே. இறக்காதே என்று கேட்ட வாய்க்கு இறங்கின பிறகு என்ன கேட்பதென்று தெரியவில்லை, அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசிக்கவே இல்லை, இருட்டறை வருகிறது, கம்பளி கட்டின யன்னல் வருகிறது, சப்பாத்து நூல் வருகிறது. "இஞ்சேரும்," என்கிறார் இவர். "இஞ்சேரும், கண்ணைத் திறவும். பிள்ளை உம்மைப் பார்க்குது." திறந்தேன். கதவடியில் நிற்கிறாள். முகமூடி நெற்றிக்கு மேல் ஏறி இருக்கிறது, காகம் கூரையைப் பார்க்கிறது, அதற்குக் கீழே அவளுடைய முகம், என்னைத்தான் பார்க்கிறாள். அவ்வளவு பேருக்குள் என்னை. நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேனா, வேண்டாம் என்று ஆட்டினேனா, அந்தத் தலைக்குத்தான் தெரியும். மிதுனா முகமூடியைக் கீழே இழுத்தாள். கதவைத் திறந்து தானே வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் ஒரு கணம் கதவு திறந்தபடி கிடந்தது, பிறகு ஆரோ ஒரு பிள்ளை எட்டி அதை மூடினாள்.

முதல் பக் வருகிறது. நான் பார்க்கிறேன். கண்ணை மூடேலாது, கண் என் சொல்லைக் கேட்கவில்லை. ஒரு கையை மெல்ல நீட்டினாள், கடையில் ஒரு சாமானை எடுக்கிறது மாதிரி அவ்வளவு மெல்ல, பக் அந்தக் கைக்குள் இருந்தது. இவர் எழும்பிவிட்டார். "அதுதான்! அதுதான் பிள்ளை!" அடுத்தது காலில். அடுத்தது நெஞ்சில். இவ்வளவு மாதம் வாங்கில் குந்தி இருந்த கால் எப்படி இப்படி விரிகிறது. பயிற்சிக்கு எல்லோருக்கும் முதலில் போய்க் கடைசியில் வருகிறாள் என்று தெரியும், ஏன் பிள்ளை உடம்பை முறிக்கிறாய், உன்னைத்தான் இறக்கவில்லையே என்று போனில் சொல்லியிருக்கிறேன். வெள்ளைச் சட்டைக்காரி ஒருத்தி கிட்ட வந்து ஓங்குகிறாள், அந்த ஓங்கல் எனக்குத் தெரியும், போன மாசியில் பார்த்த ஓங்கல், முகம், பிள்ளை, முகம், மிதுனா குனியவில்லை, முகத்தை அதற்கு நேரே கொடுக்கிறாள், தோளில் பட்டுத் தெறித்து வெளியே போகிறது. நான் எழும்பி நிற்கிறேன். ஆரோ கத்துகிறார்கள், "காலை மூடு! காலை மூடு!" என்று தொண்டை கிழிய, முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்கள், இவரும் என்னைப் பார்க்கிறார், அப்போதுதான் கத்துவது நான் என்று விளங்கியது. மணி அடித்தது. மூன்றாம் பகுதி முடிந்தது, இன்னும் இரண்டுக்கு இரண்டு. மேலதிக நேரம், முதலில் கோல் போடுகிறவர்களுக்கு வெற்றி. பிள்ளைகள் வாங்கடியில் கூடி நின்று தண்ணி குடிக்கிறார்கள். நான் கம்பளியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினேன். "இஞ்சேருங்கோ," என்றேன். "நான் இவ்வளவு நாளும் பிள்ளையை இறக்கக் கூடாதெண்டுதான் கும்பிட்டனான். நேர்த்தி அதுதான்." இவர் கம்பளித் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்பப் போட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். "நான் கும்பிடவே இல்லை," என்றார். "உமக்குப் பக்கத்திலை கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நிண்டனான். இறக்கு எண்டு கேக்கவும் பயமாக் கிடந்துது. இறக்காதை எண்டு கேக்கவும் மனம் வரேல்லை. வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாரின்ரை தும்பிக்கையைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டு வந்தனான்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அழாதையும். தொடங்கப்போறாங்கள், பாரும்."

பார்க்கிறேன். மேலதிக நேரம் எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியாது, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கீழே ஷெரில் நொண்டி நொண்டி வந்த கிளேரோடு கண்ணாடி ஓரம் நிற்பதை ஒரு முறை பார்த்தேன், கிளேரின் முழங்காலில் பெரிய ஐஸ் பை கட்டியிருக்கிறது, அவளும் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்துகிறாள், எனக்கு ஒரு பாரம் இறங்கியது. எங்கள் பிள்ளைகள் ஒருமுறை அந்தப் பக்கம் போய்க் கம்பத்தில் அடித்தார்கள், டங், வலை நூல் அளவில் தப்பியது, எல்லோரும் எழும்பி இருந்தோம். பிறகு திரும்ப இந்தப் பக்கம். மிதுனா ஒன்றைத் தடுத்தாள், அது தெறித்து வர இன்னொன்றைத் தடுத்தாள், விழுந்து கிடந்தபடி காலைத் தூக்கி மூன்றாவதையும் தடுத்தாள், என் பிள்ளை, இந்தக் காலை உதைத்து உதைத்துத்தான் என் வயிற்றுக்குள் என்னை நித்திரை கொள்ள விடாமல் செய்தவள். கேட்பதற்கு என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. பயம் இருக்கிறது, அது அப்படியே இருக்கிறது, ஆனால் அது இருந்த இடத்தில் இருக்க, அதற்குப் பக்கத்தில் ஒரு இடம் திறந்து, அதற்குள்ளால் நான் அவளைப் பார்க்கிறேன். இருட்டறையில் வாயைத் திறந்து சோறு வாங்கினதும் இவள்தான். இதுவும் இவள்தான். இரண்டில் எதை என்னுடையது என்று எடுப்பது. கால்களின் ஒரு காடு அவளுக்கு முன்னால், பச்சையும் வெள்ளையும், பக் எங்கே, அவளும் தேடுகிறாள், கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம், மெல்ல, மிக மெல்ல, ஒரு சிறு பிள்ளை உருட்டி விட்டது போல, ஆரோ ஒருத்தியின் சப்பாத்தில் பட்டுத் திரும்பி, அவளுடைய காலுக்கும் கம்பத்துக்கும் நடுவால் அது உள்ளே போனது. வெள்ளைச் சட்டைகள் துள்ளுகிறார்கள். பருவம் முடிந்தது. மிதுனா மல்லாந்து கிடக்கிறாள். எழும்பு பிள்ளை. எழும்பவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். என் உடம்பு படிகளில் இறங்கத் தொடங்கிவிட்டது, இவர் என் கோட்டின் கையைப் பிடிக்கிறார், "பொறும், பொறும்," பச்சைச் சட்டைகள் எல்லாம் அவளைச் சுற்றி முழங்காலில் விழுகிறார்கள், ஒருத்தி முகமூடியைத் தூக்குகிறாள், உள்ளே வேர்வையில் குளித்த முகம், தலைமயிர் கன்னத்தில் ஒட்டிக் கிடக்கிறது. அவள் எழும்பி இருந்தாள். கையை நீட்ட, இரண்டு பேர் இழுத்து நிமிர்த்தினார்கள்.

இப்போது உடுப்பு மாற்றுகிற அறைக்கு வெளியே, றப்பர் நிலத்தில், நனைந்த கவசங்களின் நாற்றத்துக்குள் நிற்கிறேன். இவர் காரைச் சூடாக்கப் போய்விட்டார். ஒவ்வொரு பிள்ளையாக அழுத கண்ணோடு வந்து தாய் தகப்பனைக் கட்டிப்பிடித்துப் போகிறார்கள். ஷெரில் வந்தாள், வைத்தியசாலைக்குப் போகிறோம், முறிவு இல்லை போலத்தான் இருக்கிறது என்றாள், என்னை இறுக்கி அணைத்து, உன் மகளைப் பார்த்தாயா, பார்த்தாயா என்று என் தோளுக்குள் சொன்னாள். மிதுனா கடைசியாக வந்தாள். தலை ஈரம், இந்த வருடத்தில் முதல் தடவையாக ஈரம். என்ன சொல்லித் தேற்றுவது என்று வரிசையாய் எடுத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "நோகுதா பிள்ளை? எங்கையும் நோகுதா?" என்றேன். "எல்லா இடமும் நோகுது," என்று சிரித்தாள். தமிழில். பிறகு கவசப் பையை நிலத்தில் போட்டாள். "கவலையம்மா. சரியான கவலை. அந்தக் கோலை நான் பிடிச்சிருக்கோணும். ஆனா சந்தோசமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்டா இருக்கலாமா?" இருக்கலாம் என்றேன், எனக்கு அது நன்றாய்த் தெரியும் என்று சொல்லவில்லை. "கோச் அடுத்த வருசமும் நிக்கச் சொல்லுறா. எனக்கு இன்னொரு வருசம் விளையாட இடம் இருக்கு." என் நெஞ்சு மறுபடி அடிக்கத் தொடங்கியது, அது அடிக்கட்டும். "பிள்ளை, ஒண்டு சொல்லோணும். நீ இறங்கக் கூடாது எண்டுதான் நான் இந்த வருசம் முழுக்கக் கும்பிட்டனான்." "தெரியும்," என்றாள். "ஆர் சொன்னது?" "ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தக் கதவடியிலை சும்மா இருக்கிற நேரம் நான் உங்களைத்தான் பார்ப்பன். வெண்டாலும் தோத்தாலும் கேம் முடிய உங்கடை முகம் ஒரே மாதிரி இருக்கும். அப்பாடா எண்ட மாதிரி." நான் கையால் முகத்தைத் துடைத்தேன். "கோவமோ?" "முதல் கோவம்தான். நோர்த் பேயிலை சரியான கோவம், உங்களோடை கதைக்காமல் பஸ்சிலை ஏறினன். பிறகு பார்த்தா அடுத்த கிழமையும் வந்திருக்கிறீங்கள், அந்தப் பனிக்குள்ளை. நான் விளையாடக் கூடாதெண்டு கும்பிட்டுப் போட்டு, விளையாடாததைப் பார்க்க ஒவ்வொரு கேமுக்கும் வாறீங்கள். ஆரம்மா அப்பிடிச் செய்வினம்?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, அதைச் சிரிப்பால் மூடினாள், நான் அவள் ஈரத்தலையைத் தொட்டேன், சூடாய் இருந்தது. "இண்டைக்கு நான் மேலை பார்க்கேக்கை தலையாட்டினீங்கள்," என்றாள். "அது ஓமோ வேண்டாமோ எண்டு எனக்கே தெரியாது பிள்ளை." "எனக்கும் தெரியேல்லை," என்றாள் மிதுனா. "நான் ஓம் எண்டு எடுத்தன்." குனிந்து தன் உயரத்துக்கு இருந்த கவசப் பையின் ஒரு பிடியைப் பிடித்தாள். மற்றப் பிடியை நான் பிடித்தேன், அவள் தடுக்கவில்லை. பாரம் இரண்டு பக்கமும் ஆடி ஆடி எங்களை இடித்துக்கொண்டு வர, நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு நடந்தோம்.